காசில் நிற்கும் இரண்டு இளைஞர்கள்: ரோமின் முதல் பேரரசுக் குடும்பமும் அதன் வாரிசுச் சிக்கலும்

கோயம்புத்தூரை அடுத்த வெள்ளலூரிலும் கொங்கு நாட்டின் வேறு பல ஊர்களிலும் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளில் அகஸ்டஸ், திபேரியஸ் என்ற முதல் இரு பேரரசர்களின் காசுகளே மிகுதி. அகஸ்டஸின் காசுகளுக்குள்ளும் ஒரு வகை திரும்பத் திரும்பக் கிடைக்கிறது. கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய அந்தத் தெனாரியஸ் காசின் ஒரு பக்கத்தில் இலைமாலை சூடிய பேரரசரின் தலை. மறுபக்கத்தில் டோகா என்ற ரோமானிய மேலாடை உடுத்த இரண்டு இளைஞர்கள் ஆளுக்கொரு கேடயத்தின் மேல் கையை ஊன்றியபடி நிற்கிறார்கள். கேடயங்களுக்குப் பின்னால் ஈட்டிகள். அவர்களுக்கு நடுவே மேற்புறத்தில் பூசைக்குரிய அகப்பையும் நிமித்தம் பார்ப்பவரின் வளைகோலும். "கயஸ், லூசியஸ் சீசர்கள், அகஸ்டஸின் மகன்கள்" என்று தொடங்குகிறது அவர்களைச் சுற்றி ஓடும் எழுத்து. தலை பொறித்த பக்கத்திலோ "சீசர் அகஸ்டஸ், தெய்வமானவரின் மகன், நாட்டின் தந்தை" என்றிருக்கிறது.

காசின் இரண்டு பக்கங்களிலும் 'மகன்' என்ற சொல் இருக்கிறது. ஆனால் அங்கே பெயர் பொறிக்கப்பட்ட மூவரில் எவரும் பெற்றெடுத்த மகன் அல்லர். அகஸ்டஸ் ஜூலியஸ் சீசரின் சகோதரியுடைய பேரன், கி.மு. 44இல் சீசர் கொல்லப்பட்ட பிறகு திறக்கப்பட்ட உயில்தான் அவரைச் சீசரின் மகனாக்கியது. கயஸும் லூசியஸும் அகஸ்டஸின் ஒரே மகளான ஜூலியா பெற்ற பிள்ளைகள். மகள் வயிற்றுப் பேரர்களான அவர்களைக் கி.மு. 17இல் தத்தெடுத்துத் தம் மகன்களாக்கிக்கொண்டார். கி.பி. 68 வரை நீடித்த ஜூலியோ-கிளாடியன் குடும்பத்தில் அகஸ்டஸ், திபேரியஸ், கலிகுலா, கிளாடியஸ், நீரோ என்று ஐந்து பேர் ஆண்டார்கள். அந்த ஐவரில் ஒருவர்கூடத் தம்மைப் பெற்ற தகப்பனிடமிருந்து ஆட்சியைப் பெறவில்லை. அந்தக் குடும்பத்தில் நடந்த திருமணங்கள், மணமுறிவுகள், தத்தெடுப்புகள், நாடுகடத்தல்கள், கொலைகள் எல்லாவற்றையும் விளங்கிக்கொள்ள இந்த ஒரு செய்தியைக் கையில் வைத்துக்கொள்வது போதும் என்று நினைக்கிறேன்.

சிக்கலின் வேர் பதவியின் தன்மையில் இருந்தது. ரோமர்கள் தங்கள் மன்னர்களை விரட்டி ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் ஆகியிருந்தன. 'மன்னன்' என்ற பெயரையே அவர்கள் வெறுத்தார்கள். அதனால் அகஸ்டஸ் அரியணை ஒன்றை உருவாக்கவில்லை. மக்கள் காவலரான ட்ரிப்யூனுக்குரிய அதிகாரம், பெரும்பாலான படைகள் நிலைகொண்டிருந்த மாகாணங்களின் தலைமை என்று பழைய குடியரசின் அதிகாரங்களைத் தனித்தனியே மூத்தோர் அவையான செனட்டின் வழியாகப் பெற்று ஒரே கையில் சேர்த்துக்கொண்டார். அப்படிப் பெற்ற அதிகாரம் பெற்றவரோடு முடிந்துவிடும். உயிலில் எழுதி வைக்க முடியாது. ஆனால் சீசர் என்ற பெயர், கணக்கற்ற சொத்து, வீட்டின் அடிமைகளும் விடுதலை பெற்ற பணியாளர்களும், அந்தப் பெயரைக் கேட்டாலே நிமிர்ந்து நிற்கும் படைவீரர்களின் விசுவாசம் ஆகிய அனைத்தும் குடும்பச் சொத்துப்போல மகனுக்குச் சென்றன. பதவிக்கு வாரிசுச் சட்டம் இல்லை, வீட்டுக்கு உண்டு என்ற நிலையில், நாட்டின் சட்டம் செய்திருக்க வேண்டிய வேலையை வீட்டின் உறவுமுறை செய்ய நேர்ந்தது. அடுத்து ஆளப்போவது யார் என்பதை வெளிப்படையாகச் சொல்ல முடியாத அகஸ்டஸ், யாருக்கு மகளைக் கொடுக்கிறார், யாரைத் தத்தெடுக்கிறார் என்பதன் மூலமே அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறப்பால் வரும் உரிமை எவ்வளவு ஆபத்தானது என்பது அவருக்குத் தொடக்கத்திலேயே தெரியும். சீசருக்கும் கிளியோபாட்ராவுக்கும் பிறந்தவன் என்று சொல்லப்பட்ட சிசேரியன், கி.மு. 30இல் எகிப்து வீழ்ந்தபோது பதினேழு வயதுப் பையன். "சீசர்கள் பலராவது நல்லதல்ல" என்று தத்துவ அறிஞர் ஆரியஸ் அறிவுரை சொன்னதாகப் புளூடார்க் எழுதுகிறார். பையன் கொல்லப்பட்டான். தத்துப்பிள்ளை வாழ, பிறந்த பிள்ளை என்று பேசப்பட்டவன் சாக, அந்தக் குடும்பத்தின் ஆட்சி தொடங்கிற்று.

அகஸ்டஸுக்கு ஸ்க்ரிபோனியா என்ற மனைவியிடம் கி.மு. 39இல் ஜூலியா பிறந்தாள். மகள் பிறந்த அன்றே மனைவியை அவர் விலக்கினார். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் லிவியாவை மணந்தார். அப்போது லிவியாவின் இடுப்பில் மூன்று வயதுத் திபேரியஸ், வயிற்றில் ட்ரூசஸ். இருவருமே அவருடைய முதல் கணவரின் பிள்ளைகள். அந்தக் கணவர்தான் தகப்பன் இடத்தில் நின்று அவரைத் தாரை வார்த்துக் கொடுத்தார் என்கிறார் வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ. ஐம்பதாண்டுக்கு மேல் நீடித்த அந்தத் திருமணத்தில் உயிரோடு பிறந்த குழந்தை இல்லை. ஆகவே குடும்பம் இரண்டு கிளையாயிற்று. அகஸ்டஸின் இரத்தம் ஜூலியாவின் வழியாக மட்டுமே இறங்க முடியும். அது ஜூலியர் கிளை. கூடவே அதே வீட்டில் வளர்ந்த லிவியாவின் மகன்கள் கிளாடியர் கிளை. அடுத்த நூறாண்டும் இந்த இரண்டு கிளைகளைப் பின்னிப் பின்னிக் கட்டும் முயற்சியிலேயே கழிந்தது.

முதல் மாப்பிள்ளை, ஜூலியாவின் அத்தை மகன். அகஸ்டஸின் அக்காள் ஆக்டேவியாவின் மகனான மார்செல்லஸுக்கு ஜூலியாவைக் கி.மு. 25இல் மணம்முடித்தார்கள். நம் காதுக்கு மிக இயல்பாகப் படும் இந்த முறை ரோமிலும் ஏற்கத்தக்கதாகவே இருந்தது. மார்செல்லஸ் கி.மு. 23இல் பத்தொன்பது இருபது வயதில் காய்ச்சலில் இறந்தார். அகஸ்டஸ் தமக்கென்று கட்டிய கல்லறை மாளிகைக்குள் முதலில் வைக்கப்பட்ட சாம்பல் அவருடையது. அதே ஆண்டு அகஸ்டஸே சாவின் விளிம்புக்குப் போய் மீண்டிருந்தார். அப்போது அவர் தம் முத்திரை மோதிரத்தை மார்செல்லஸிடம் கொடுக்கவில்லை. தம்மோடு சேர்ந்து போர் நடத்திய பழைய நண்பர் அக்ரிப்பாவிடம் கொடுத்தார். இரத்தம் ஒருவரைக் காட்டியது, அனுபவம் வேறொருவரைக் காட்டியது. "அவரை நீங்கள் வளர்த்திருக்கும் உயரத்துக்கு, ஒன்று அவர் உங்கள் மருமகனாக வேண்டும், இல்லையேல் கொல்லப்பட வேண்டும்" என்று ஆலோசகர் மைசீனாஸ் அகஸ்டஸிடம் சொன்னதாக டியோ பதிவு செய்கிறார். அக்ரிப்பா மருமகனானார். அதற்காக அவர் ஏற்கெனவே மணந்திருந்த மனைவியை, அதாவது ஆக்டேவியாவின் மகளை, விலக்க வேண்டியிருந்தது. தகப்பன் வயதுடைய அக்ரிப்பாவைக் கி.மு. 21இல் மணந்த ஜூலியா ஐந்து பிள்ளைகளைப் பெற்றாள். கயஸ், லூசியஸ் என்ற இரு மகன்களும் பாட்டனாரின் மகன்களானார்கள்.

இங்கேதான் அகஸ்டஸின் ஏற்பாட்டில் நான் மிக முக்கியமானதாகக் கருதும் கூறு தெரிகிறது. அவர் ஒருவரை அல்ல, இருவரைத் தெரிந்தெடுத்தார். இளவயதுச் சாவு எந்த வீட்டிலும் நுழையக்கூடிய காலத்தில் ஒருவர் போனாலும் மற்றவர் இருப்பார் என்ற காப்பு அது. அதன்பின் அந்தக் குடும்பத்தில் ஒவ்வொரு தலைமுறையிலும் இப்படியே இரட்டையாக வாரிசுகள் நிறுத்தப்பட்டார்கள். ஆனால் அவர்கள் பெறப்போவது பாதியாகப் பிரிக்க முடியாத ஒன்று. இருவரில் ஒருவர் இறந்தால் ஏற்பாடு பயன்பட்டது. இருவரும் உயிரோடிருந்தாலோ அதுவே ஒருவருக்கு மற்றவரை எதிரியாக்கியது.

கயஸிடம் அகஸ்டஸுக்கு இருந்த பாசம் நாடகமல்ல. கி.பி. 1ஆம் ஆண்டு தம் பிறந்தநாளன்று, கிழக்கே இருந்த கயஸுக்கு அவர் எழுதிய கடிதம் ஒன்று ஆலஸ் கெல்லியஸ் என்ற பிற்கால எழுத்தாளரின் நூலில் தங்கிவிட்டது. "என் இனிய கழுதைக்குட்டியே" என்று கொஞ்சிக்கொண்டு தொடங்குகிறார். ஆபத்தான அறுபத்து மூன்றாம் வயதைத் தாண்டிவிட்டேன், நீ பக்கத்தில் இல்லாதபோதெல்லாம் உன்னைத் தேடுகிறேன் என்று எழுதுகிறார். பிள்ளைகள் இருவரும் தம்முடைய "காவல் நிலையை" ஏற்கத் தயாராகி வருவதையும் குறிப்பிடுகிறார். படைவீரன் ஒருவன் பாரா மாறும்போது அடுத்தவனிடம் ஒப்படைக்கும் இடத்துக்கு லத்தீனில் உள்ள சொல் அது. மேடையில் ஒருபோதும் சொல்லாததைப் பேரனுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு சொல்லில் சொல்லிவிட்டார்.

இதற்கிடையே கி.மு. 12இல் அக்ரிப்பா இறந்தார். பிள்ளைகள் சிறுவர்கள், அவர்கள் வளரும்வரை காவலுக்கு ஓர் ஆள் வேண்டும். லிவியாவின் மூத்த மகன் திபேரியஸ் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் அக்ரிப்பாவின் முதல் மனைவிக்குப் பிறந்த விப்சானியாவை மணந்து மனமொத்து வாழ்ந்துகொண்டிருந்தவர். ஒரு மகனும் இருந்தான். அந்த மனைவியை விலக்கி, மாமனாரின் கைம்பெண்ணான ஜூலியாவை மணக்கச் சொன்னார்கள். மணமுறிவுக்குப் பிறகு ஒருநாள் எதிர்பாராமல் விப்சானியாவைப் பார்த்துவிட்ட திபேரியஸ், கண்ணில் நீர் தளும்ப அவர் போன வழியே பின்தொடர்ந்தார் என்றும், அதன்பின் அவர் கண்ணில் அந்தப் பெண் படாதபடி பார்த்துக்கொண்டார்கள் என்றும் பேரரசர்களின் வாழ்க்கையை எழுதிய சூட்டோனியஸ் சொல்கிறார். பேரரசின் வாரிசு ஏற்பாடு தனி மனிதர்களிடம் என்ன விலை வாங்கியது என்பதை இந்த ஒரு காட்சியைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் எனக்குத் தெரியாது. திபேரியஸின் தம்பி ட்ரூசஸ் கி.மு. 9இல் ஜெர்மானியப் போர்முனையில் இறந்துபோனார். கி.மு. 6இல் ட்ரிப்யூன் அதிகாரம் கையில் வந்த நிலையிலும், வளர்ந்துவரும் இரு பிள்ளைகளுக்கு இடம் பிடித்து வைப்பதே தம் வேலை என்று கண்டதாலோ, ஜூலியாவோடு வாழ முடியாததாலோ, திபேரியஸ் எல்லாவற்றையும் உதறிவிட்டு ரோட்ஸ் தீவுக்குப் போய்விட்டார்.

கி.மு. 2இல் அகஸ்டஸுக்கு 'நாட்டின் தந்தை' என்ற பட்டம் கிடைத்தது. அதே ஆண்டில் அவர் பெற்ற மகளை நாடு கடத்தினார். பலரோடு தகாத உறவு என்பது குற்றச்சாட்டு. அந்தப் பலரில் ஒருவர் பெயர் இயுல்லஸ் அந்தோனியஸ், அகஸ்டஸின் பழைய எதிரி மார்க் ஆன்டனியின் மகன். அகஸ்டஸின் இரத்தம் ஓடும் ஒரே பிள்ளையை ஆன்டனியின் மகன் நெருங்கியது வெறும் ஒழுக்கப் பிரச்சினையாக இருந்திருக்க முடியாது. அவளை மணப்பவர் எவராயினும் வாரிசுகளுக்குத் தகப்பன் இடத்தில் நிற்பார். சுமார் 3 கிலோமீட்டர் நீளமே உள்ள பாண்டடேரியா என்ற தீவில், இன்றைய வென்டோடேனேயில், ஜூலியா வைக்கப்பட்டாள். மது மறுக்கப்பட்டது, அகஸ்டஸின் அனுமதியில்லாமல் எந்த ஆணும் அங்கே போக முடியாது. அவள் பிறந்த நாளிலேயே விலக்கப்பட்ட தாய் ஸ்க்ரிபோனியா, தானே விரும்பி மகளோடு போனார். ஐந்தாண்டு கழித்து இத்தாலியக் கரைக்கு மாற்றப்பட்ட ஜூலியா ரோமுக்குத் திரும்பவே இல்லை. தம் கல்லறை மாளிகையிலும் அவளுக்கு இடமில்லை என்று தகப்பன் எழுதி வைத்தார்.

பிறகு சாவு வந்தது. லூசியஸ் கி.பி. 2இல் மார்சேயில் இறந்தார். அர்மீனியாவில் காயம்பட்ட கயஸ் கி.பி. 4இல் லைசியாவின் லிமிரா நகரில் இறந்தார். நம் ஊர் மண்ணில் கிடைக்கும் காசின் மறுபக்கம் முழுதும் இரண்டே ஆண்டில் பொருளற்றுப்போயிற்று. அறுபத்தைந்து வயது அகஸ்டஸ் அதே ஆண்டு ஜூனில் திபேரியஸைத் தத்தெடுத்தார்; "நாட்டின் பொருட்டு இதைச் செய்கிறேன்" என்று அப்போது சொன்னார். அப்போதும் தனியாக அல்ல: ஜூலியாவின் கடைசி மகனான அக்ரிப்பா போஸ்துமஸையும் கூடவே தத்தெடுத்தார். அதற்கு முன்பே திபேரியஸ், தமக்கென்று ஒரு மகன் இருந்தும், தம்பி ட்ரூசஸின் மகன் ஜெர்மானிக்கஸைத் தத்தெடுக்க வேண்டியிருந்தது. ஜெர்மானிக்கஸ் ஜூலியாவின் மகள் அக்ரிப்பினாவை மணந்தவர். அடுத்த தலைமுறையில் ஆட்சி மீண்டும் தம் இரத்தத்துக்கே திரும்பும்படி கிழவர் முடிச்சுப் போட்டார். நாற்பத்து நான்கு வயதில், பல போர்களை வென்ற தளபதியான திபேரியஸ், ரோமானியச் சட்டப்படி தகப்பனின் அதிகாரத்துக்கு உட்பட்ட மகனாகி, சொந்தச் சொத்து வைத்துக்கொள்ளும் உரிமைகூட இல்லாதவராகத் தம்மை நடத்திக்கொண்டார்.

போஸ்துமஸ் மூன்றாண்டில் பிளனேசியா தீவுக்கு அனுப்பப்பட்டார். ஜூலியாவின் மகளான இளைய ஜூலியா கி.பி. 8இல் வேறொரு தீவுக்குப் போனாள். இவர்கள் இருவரையும் மகள் ஜூலியாவையும் சேர்த்து என் மூன்று சீழ்க்கட்டிகள், மூன்று புற்றுகள் என்றே அகஸ்டஸ் சொல்லிவந்தாராம். கி.பி. 14 ஆகஸ்டில் அவர் நோலாவில் இறந்தபோது படிக்கப்பட்ட உயில் இப்படித் தொடங்கியது: "கொடிய விதி என் மகன்கள் கயஸையும் லூசியஸையும் என்னிடமிருந்து பறித்துக்கொண்டதால், திபேரியஸ் சீசர் மூன்றில் இரண்டு பங்குக்கு வாரிசாகட்டும்." ஐம்பத்தைந்தாவது வயதை நெருங்கிக்கொண்டிருந்த திபேரியஸ், செனட் முழுதும் கேட்க, தாம் வேறு வழியில்லாத தெரிவு என்ற அறிவிப்போடு ஆட்சியை ஏற்றார். அதே நாட்களில் போஸ்துமஸ் தீவில் வெட்டிக் கொல்லப்பட்டார். ஆணையிட்டது இறந்த அகஸ்டஸா, லிவியாவா, திபேரியஸா என்பது அன்றும் தெளிவாகவில்லை. இரண்டாண்டு கழித்துப் போஸ்துமஸின் அடிமை கிளெமென்ஸ் தானே போஸ்துமஸ் என்று சொல்லிக்கொண்டு ஆள் திரட்டினான். அவன் பின்னால் மக்கள் திரண்டது அந்த இரத்தத்துக்கு இருந்த ஈர்ப்பைக் காட்டுகிறது.

அடுத்த இரட்டை, ஜெர்மானிக்கஸும் திபேரியஸின் சொந்த மகன் இளைய ட்ரூசஸும். வியப்பூட்டும் வகையில், வரிசையில் இந்த இருவர் மட்டுமே ஒருவரோடொருவர் உண்மையான அன்புடன் பழகினார்கள் என்று வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் சொல்கிறார். அவர்களைச் சுற்றியிருந்தவர்களே கட்சி பிரிந்து நின்றார்கள். கி.பி. 19இல் அந்தியோகியாவில் முப்பத்து நான்கு வயதுகூட நிரம்பாத ஜெர்மானிக்கஸ் நோயுற்று இறந்தார். சிரியாவின் ஆளுநர் பீசோ நஞ்சிட்டார் என்று இறக்கும் தறுவாயில் அவரே நம்பினார். அஸ்திக் கலசத்தைக் கையில் ஏந்தி, இரண்டு பிள்ளைகளோடு பிரின்டிசித் துறையில் இறங்கிய அக்ரிப்பினாவைக் கண்டு கரையில் கூடிய கூட்டம் ஒரே குரலாக அழுதது. விசாரணை முடியுமுன் பீசோ தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

அந்த வழக்கில் செனட் எடுத்த முடிவின் முழு வாசகம் வெண்கலத் தகடுகளில் பொறிக்கப்பட்டு, கடந்த நூற்றாண்டின் இறுதியில் தெற்கு ஸ்பெயினில் கிடைத்தது. டாசிட்டஸின் வழியாக மட்டும் அறிந்த ஒன்றை அரசின் சொந்த வாயாலேயே கேட்க முடிந்ததுதான் அதன் மதிப்பு. நாட்டின் பெருநகரங்களிலும் படைகளின் குளிர்காலப் பாசறைகளிலும் வைக்கும்படி ஆணையிடப்பட்ட அந்த ஆவணம், குற்றவாளியைக் கண்டிப்பதோடு நில்லாமல், துக்கத்திலும் நிதானம் காத்ததற்காகப் பேரரசுக் குடும்பத்தின் உறுப்பினர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிப் பாராட்டுகிறது. பாட்டி லிவியா, மனைவி அக்ரிப்பினா, தாய் அந்தோனியா, சகோதரி லிவில்லா என்று நீளும் அந்த வரிசையில் கடைசியாக நிற்பது ஜெர்மானிக்கஸின் தம்பி கிளாடியஸின் பெயர். நன்றி சொல்லும் முன்மொழிவில் அவர் பெயர் முதலில் விடுபட்டிருந்தது என்றும், வேண்டுமென்றே விட்டீர்களா என்று ஒருவர் கேட்ட பிறகே சேர்க்கப்பட்டது என்றும் டாசிட்டஸ் குறித்திருக்கிறார். உடல் நடுக்கமும் பேச்சுத் தடுமாற்றமும் உள்ளவர் என்று வீட்டாரே ஒளித்து வைத்த மனிதர் அவர். பின்னால் பேரரசரானவரும் அவரே.

இளைய ட்ரூசஸ் கி.பி. 23இல் இறந்தார். அவர் மனைவி லிவில்லா, சித்தப்பன் மகள், ஜெர்மானிக்கஸின் சகோதரி. அவளும் காவற்படைத் தலைவன் செஜானஸும் சேர்ந்து நஞ்சிட்டார்கள் என்பது எட்டாண்டு கழித்து, செஜானஸ் விலக்கிய மனைவி அவன் வீழ்ந்தபின் எழுதிய கடிதத்தில் வெளிவந்தது. உண்மை எதுவாயினும், கி.பி. 25இல் செஜானஸ் லிவில்லாவைத் தனக்கு மணம்முடித்துத் தரும்படி திபேரியஸிடம் கேட்டதும் அவர் மறுத்ததும் தெளிவு. இந்தக் குடும்பத்தின் பெண் ஒருத்தியைக் கேட்பது ஆட்சியில் பங்கு கேட்பதற்கு ஒப்பானது. அக்ரிப்பினா தமக்கு ஒரு கணவர் வேண்டுமென்று அழுது கேட்டபோதும் திபேரியஸ் பதில் சொல்லாமல் எழுந்துபோனதற்குக் காரணம் இதுவே. கி.பி. 29இல் அக்ரிப்பினா தம் தாய் ஜூலியா இருந்த அதே பாண்டடேரியாவுக்குப் போய், நான்காண்டு கழித்து அங்கேயே பட்டினியில் இறந்தார். மூத்த இரு மகன்களில் ஒருவர் தீவிலும் மற்றவர் ரோமில் மாளிகையின் நிலவறையிலும் மடிந்தார்கள். நிலவறையில் கிடந்தவர் மெத்தைக்குள் அடைத்திருந்ததை மென்று தின்று ஒன்பதாம் நாள் வரை உயிர் பிழைத்திருந்தாராம்.

கி.பி. 37இல் திபேரியஸ் விட்டுச்சென்ற உயிலிலும் இரண்டு பெயர்கள் இருந்தன: ஜெர்மானிக்கஸின் எஞ்சிய மகன் கயஸ், அதாவது கலிகுலா; இளைய ட்ரூசஸின் மகன் ஜெமெல்லஸ். இருவருக்கும் சம பங்கு. செனட் உயிலைச் செல்லாததாக்கி எல்லாவற்றையும் இருபத்து நான்கு வயது கலிகுலாவிடம் கொடுத்தது. அவர் ஜெமெல்லஸைத் தத்தெடுத்துக்கொண்டார், சில மாதங்களில் தற்கொலைக்குத் தள்ளினார். மகனாக்குவதும் கொல்வதும் ஒரே கையால் அடுத்தடுத்து நடந்தன.

ஆட்சிக்கு வந்த வேகத்தில் அவர் செய்த ஒரு செயலை மட்டும் மனத்தைத் தொடுவதாகக் காண்கிறேன். அவரே கப்பலேறிப் போய்த் தாயின் எலும்புகளைத் தீவிலிருந்து கொண்டுவந்து அகஸ்டஸின் கல்லறை மாளிகையில் வைத்தார். அந்தக் கற்பெட்டி ரோமின் கேபிடோலைன் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. இடைக்காலத்தில் நகரத்தார் அதை எடுத்து, நம் மரக்கால் போலத் தானியம் அளக்கும் அளவையாகப் பயன்படுத்தினார்கள். "மார்க்கஸ் அக்ரிப்பாவின் மகளும், தெய்வமான அகஸ்டஸின் பேத்தியும், ஜெர்மானிக்கஸ் சீசரின் மனைவியும், பேரரசர் கயஸ் சீசரின் தாயுமான அக்ரிப்பினாவின் எலும்புகள்" என்கிறது அதன் முகப்பு. அவளை நாடுகடத்தித் தீவிலேயே சாகவிட்ட ஆட்சியின் உரிமை முழுவதும் அந்த நான்கு உறவுகளில் அடங்கியிருக்கிறது. ஜூலியாவின் பெயர் மட்டும் அங்கே இல்லை.

கலிகுலா கி.பி. 41 ஜனவரியில் வெட்டிக் கொல்லப்பட்டபோது வாரிசென்று எவரும் குறிக்கப்படவில்லை. திரைக்குப் பின்னால் ஒளிந்திருந்த, ஐம்பது வயதை நெருங்கிய கிளாடியஸைக் காவற்படை வீரன் ஒருவன் இழுத்து, பேரரசர் என்று வணங்கினான். வீரர்களுக்கு ஆளுக்கு 15,000 செஸ்டர்ஸ் காசுகள் தருவதாக அவர் வாக்களித்தார். கிளாடியஸ் அகஸ்டஸின் அக்காள் வழிப் பேரன். ஆனால் பிறப்பாலோ தத்தாலோ சீசர் குடும்பத்தவர் அல்லர். பெயரைத் தாமாகவே எடுத்துக்கொண்டார். இந்தக் குறையை மறந்தால், பெற்ற மகன் பிரிட்டானிக்கஸ் இருக்க அவர் ஏன் பிறன் மகனைத் தத்தெடுத்தார் என்பது புரியாது. மனைவியின் பேச்சுக்கு மயங்கிய கிழவர் என்ற பழைய விளக்கமே மிஞ்சும்.

முந்தைய மனைவி மெசலினா கொல்லப்பட்ட பின் கி.பி. 49இல் அவர் மணந்த இளைய அக்ரிப்பினா, அண்ணன் ஜெர்மானிக்கஸின் மகள். மகள் முறையாகும் பெண்ணை மணப்பது ரோமிலும் விலக்கப்பட்டதே. செனட் முடிவெடுத்து அதை அனுமதித்தது. அண்ணன் மகளை மணக்கலாம், அக்காள் மகளை மணக்கக் கூடாது என்றே அதன்பின் ரோமானியச் சட்டம் நின்றது. அக்காள் மகளை உரிமைப் பெண்ணாகவும் அண்ணன் மகளைச் சொந்த மகளாகவும் கருதும் நம் வழக்குக்கு இது நேர் எதிர். அக்ரிப்பினாவின் முதல் கணவருக்குப் பிறந்த மகன் டொமிஷியஸ், அகஸ்டஸின் எள்ளுப் பேரன். அவனைக் கி.பி. 50இல் கிளாடியஸ் தத்தெடுத்து நீரோ என்று பெயர் சூட்டியபோது, அகஸ்டஸின் இரத்தம் அவர் வீட்டுக்குள் வந்தது. பிரிட்டானிக்கஸ் அவனைவிட மூன்று வயது இளையவன். கிளாடியஸின் மகள் ஆக்டேவியாவை நீரோவுக்குக் கொடுக்கவேண்டுமென்றால் சட்டப்படி அவள் இப்போது அவன் தங்கை. அதனால் அவளை முதலில் வேறொரு குடும்பத்துக்குத் தத்துக் கொடுத்தார்கள். ஒருநாள் வழியில் கண்ட நீரோவைப் பிரிட்டானிக்கஸ் "டொமிஷியஸ்" என்று பழைய பெயரால் அழைத்துவிட்டான். பத்து வயதுப் பையன் வாயில் வந்த அந்தப் பெயர் தத்தெடுப்பையே மறுப்பதாகும் என்று அக்ரிப்பினா கணவரிடம் முறையிட, பையனின் ஆசிரியர்கள் விரட்டப்பட்டார்கள்.

கி.பி. 54 அக்டோபரில் கிளாடியஸ் இறந்தார். காளான் உணவில் நஞ்சு என்பது பழைய ஆசிரியர் பலரின் கூற்று. உயில் வாசிக்கப்படவில்லை. நீரோவைக் காவற்படையிடம் அழைத்துப் போனார்கள். பதினாறு வயதுப் பேரரசர்.

நஞ்சைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். மார்செல்லஸ், கயஸ், லூசியஸ் சாவுகளுக்கு லிவியாவையும், கிளாடியஸின் சாவுக்கு அக்ரிப்பினாவையும் குற்றம் சாட்டும் வழக்கம் பழைய நூல்களிலேயே இருக்கிறது. லைசியாவில் காயத்தால் இறந்தவனை ரோமில் இருந்த பாட்டி கொன்றாள் என்பதற்கு வதந்தியைத் தவிரச் சான்று இல்லை. மாற்றாந்தாய், நஞ்சுக் கிண்ணம் என்ற கதை வசதியானது. ஏனென்றால் அது சிக்கலை ஒரு பெண்ணின் மனத்துக்குள் வைத்துவிட்டு, ஏற்பாட்டைக் கேள்வி கேட்காமல் விட்டுவிடுகிறது. உரிமையைக் கடத்தும் வழி பெண்களாக இருந்தார்கள். உரிமையைத் தாமே ஏற்கும் வழி அவர்களுக்கு இல்லை. மகனின் பெயரால் மட்டுமே ஒரு பெண் அரசியலில் நிற்க முடிந்த வீட்டில், மகனுக்காகப் போராடியதைக் குணக்கேடு என்று சொல்லி முடிப்பது நியாயமல்ல.

போஸ்துமஸின் சாவைப் 'புதிய ஆட்சியின் முதல் குற்றம்' என்று எழுதிய டாசிட்டஸ், நாற்பதாண்டு கழித்து நீரோ ஆட்சி தொடங்குவதையும் அதே தொனியில், 'புதிய ஆட்சியின் முதல் சாவு' என்று தொடங்குகிறார். இம்முறை இறந்தவர் மார்க்கஸ் சிலானஸ். இளைய ஜூலியாவின் வழிவந்த, நீரோவைப் போலவே அகஸ்டஸின் எள்ளுப் பேரன். பேரவா எதுவும் இல்லாத அமைதியான மனிதர். அவர் தம்பி லூசியஸ், ஆக்டேவியாவுக்கு முதலில் நிச்சயிக்கப்பட்டவர், கிளாடியஸ் அக்ரிப்பினாவை மணந்த அதே நாளில் உயிரை விட்டிருந்தார். இன்னொரு சகோதரர் கி.பி. 64இலும் மார்க்கஸின் மகன் மறு ஆண்டிலும் அழிந்தார்கள். அந்த இரத்தம் உடலில் ஓடியது தவிர அவர்கள் வேறு குற்றம் செய்ய வேண்டியிருக்கவில்லை. நீரோ கி.பி. 59இல் தாயைக் கொன்றார், கி.பி. 62இல் ஆக்டேவியாவை விலக்கிப் பாண்டடேரியாவுக்கு அனுப்பிக் கொன்றார். ஜூலியா, அக்ரிப்பினா, ஆக்டேவியா: ஒரே தீவு, மூன்று பெண்கள். கி.பி. 68 ஜூனில் நீரோ தம் கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டபோது, அவருக்குப் பின் நிறுத்த அந்தக் குடும்பத்தில் ஓர் ஆண்கூட மிச்சமில்லை. சிலானஸ்களின் சகோதரி ஜூனியா கல்வினா மட்டும் பின்னால் வந்த பேரரசர் வெஸ்பாசியனின் ஆட்சியிலும் உயிரோடிருந்தார்.

பிரிட்டானிக்கஸின் முடிவை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன். கி.பி. 55இல், பதினான்காவது பிறந்தநாள் நெருங்கிய வேளையில், அரண்மனை விருந்தில் அவனுக்குச் சூடான பானம் கொடுத்தார்கள். முதலில் சுவைப்பவன் சுவைத்துவிட்டான். சூடு அதிகம் என்று பையன் தள்ளியதும், ஆற்றுவதற்கு ஊற்றிய குளிர்ந்த நீரில் நஞ்சு இருந்தது என்கிறார் டாசிட்டஸ். பேச்சும் மூச்சும் ஒரே நேரத்தில் நின்றன. சிறுவயது முதல் உள்ள வலிப்பு, சற்று நேரத்தில் தெளிந்துவிடும் என்று நீரோ சாய்ந்தபடியே சொன்னார். அக்ரிப்பினாவின் முகத்தில் திகில் தெரிந்தது. ஆக்டேவியா முகத்தில் எதையும் காட்டவில்லை. அன்றிரவே, கொட்டும் மழையில் உடல் எரிக்கப்பட்டது.

அவனுக்குப் பக்கத்தில் சாய்ந்திருந்த தோழன், அவனோடு அதே ஆசிரியர்களிடம் அரண்மனையில் படித்த டைட்டஸ். அவனும் அந்தப் பானத்தை அருந்தி நெடுநாள் நோயில் கிடந்ததாகச் சூட்டோனியஸ் எழுதுகிறார். டைட்டஸின் தகப்பன் வெஸ்பாசியன், நீரோவுக்குப் பிந்தைய உள்நாட்டுப் போரில் வென்று பேரரசரானார். என் மகன்கள் எனக்குப் பின் வருவார்கள், இல்லையேல் எவரும் வரமாட்டார்கள் என்று செனட்டில் வெளிப்படையாகவே சொன்னார். கி.பி. 79இல் அவர் இறந்து டைட்டஸ் ஆட்சிக்கு வந்தபோதுதான், அகஸ்டஸ் தொடங்கிய ஆட்சிமுறையில் முதன்முறையாக ஒரு பேரரசரின் இடத்துக்கு அவர் பெற்ற மகன் வந்தான். டைட்டஸ் தம் பழைய தோழனுக்கு அரண்மனையில் ஒரு பொற்சிலை நிறுவினார். குதிரைமேல் அமர்ந்த தந்தச் சிலை இன்னொன்றையும் செய்து கொடுத்தார். சர்க்கஸ் விளையாட்டுகளின் ஊர்வலத்தில் அதை முன்னால் ஏந்திச் செல்லும் வழக்கம் சூட்டோனியஸின் காலத்திலும் தொடர்ந்தது.